நான்கு ஓரமும் எரிந்த கடிதம்

டீத்தூள் அடிப்பிடிக்கிற வாசனைக்கு ஒரு குணம் உண்டு. முதலில் இனிக்கும். அப்புறம் கசக்கும். அப்புறம் யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கும்.

போன வாரம் பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மெட்ரோ தூணின் நிழலில் ஒண்டியிருக்கும் ஒரு கடையில், மாஸ்டர் யாருடனோ பேசிக்கொண்டே அடுப்பிலிருந்த சட்டியை மறந்துவிட்டார். கருகல் கிளம்பியது. லாரிப் புகை, சிமெண்ட் தூசி எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு நேராக என் மூக்குக்கு வந்தது. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தேன். கண் முன்னால் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் வந்து நின்றது. முக்கால் பக்கெட் தண்ணீர். தண்ணீர் மேல் ஒரு கடிதம். மூழ்காமல், வெயிலை வாங்கி என் முகத்திலேயே திருப்பி அடித்துக்கொண்டு.

சில வருடங்களாகிவிட்டன. கோபம் ஆறவில்லை. யார் மேல் என்பது மட்டும் இடையில் மாறிவிட்டது.

இந்த அத்தியாயத்தில் வருகிற மெஹருவின் உண்மைப் பெயர் மெஹரு அல்ல. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "இந்த தபா கேட்டியே, அதுவரைக்கும் சந்தோசம்" என்றாள். அந்த 'இந்த தபா'வுக்குள் இருக்கிற ஊசி எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிடும்.

பழசு செய்கிறவன்

நான் பழைய கடிதங்கள் செய்கிறேன். சேகரிப்பதில்லை. செய்கிறேன்.

முகப்பேரில் எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் கூடும். பெரும்பாலும் கணினி வேலைக்காரர்கள். ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே ஒரு கதையை நடத்துவார்கள். ஒருவர் திருடனாக இருப்பார், ஒருவர் வைத்தியராக இருப்பார். கதையை நடத்திச் செல்கிறவன் பிரபா. எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கிற கரூர்ப் பையன், நல்லவன். நல்லவன் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

வாயால் நடக்கிற கதைதான். ஆனால் நடுவில் ஒரு பெட்டி திறக்கும், பெட்டிக்குள் ஒரு கடிதம் இருக்கும். 'இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் பகடை உருட்டுகிற கைகளுக்குப் போதாது. கடிதம் கையில் வேண்டும். மடிப்பு பிரியும்போது அந்தக் காய்ந்த சத்தம் வேண்டும். அங்கேதான் நான் வந்தேன். வசன கவிதை எழுதி எழுதி யாருக்கும் எதுவும் ஆகாத நிலையில், நான் செய்த ஒரு தாளை ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிப்பதைப் பார்த்தேன். அந்த போதை இன்னும் போகவில்லை.

டீ டிகாஷனில் முக்கினால் தாள் பழுப்பாகும். காபியில் முக்கினால் சிவக்கும், அது ஏமாற்றுச் சிவப்பு, நான் தொடுவதில்லை. மடிப்புகளை நகத்தால் நீவி, அலமாரி மேல் தூசியைத் தேய்க்க வேண்டும். பழைய குண்டூசியை ஈரத்தோடு குத்தி ஒரு நாள் விட்டால் துரு தானாக ஒரு வட்டம் போடும். மங்கலக் கடிதமென்றால் மூலையில் மஞ்சள்.

தண்ணீர்க் கறையை மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஒரு வெள்ள வருடத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்து பீரோவின் கடைசித் தட்டைத் தொட்டது. வடிந்த பிறகு என் மதிப்பெண் பட்டியலைப் பிரித்தேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் நடுவே ஒரு பழுப்புக் கோடு, கடற்கரையில் அலை விட்டுப்போகிற கோடு மாதிரி, அவ்வளவு அழகாக. மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள், நியாயம்தான்.

ஓரத்தை எரிக்காதீர்கள்

ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பழைய கடிதம் என்றதும் ஏன் எல்லோரும் நான்கு ஓரத்தையும் கொளுத்துகிறார்கள்? எந்த வீட்டில் எந்தக் கடிதம் நான்கு பக்கமும் அளவாக எரிந்து, நடுவில் எழுத்து மட்டும் பிழைத்தது? நெருப்பு என்ன தையல்காரனா, கரை கட்டிவிட்டுப் போக? நம் ஊரில் தாள் சாகிற விதமே வேறு. செல்லரிக்கும். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். எலி ஒரு மூலையைக் கூட்டுக்குக் கொண்டுபோகும். அவ்வளவு மரணம் நம் கையில் இருக்கும்போது, எங்கோ பார்த்த படத்திலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

இதைப் பிரபாவிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் "கரெக்ட் சார்" என்பான்.

காட்டுப்பாக்கத்துக் கை

என் கையெழுத்து என் மருந்துக்கடைக்காரருக்கே புரியாது. அதனால் எழுத ஒரு கை தேவைப்பட்டது. காட்டுப்பாக்கத்தில் ஜெராக்ஸ், தட்டச்சு, லேமினேஷன் கடை வைத்திருக்கிற மெஹருவிடம் போய் நின்றேன். ஒரு கிழவருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் குளித்துவிட்டு வந்து வரிசையில் நின்ற மாதிரி இருந்தது.

பழைய கடிதத்துக்குப் பழைய எழுத்து வேண்டும். இன்று நாம் எழுதுகிற 'லை' அன்று தும்பிக்கை தூக்கிக்கொண்டு நின்றது. 'ணா'வும் 'றா'வும் வேறு உடம்போடு திரிந்தன. ஒரு பழைய பஞ்சாங்கத்தை வைத்து மெஹரு ஒரு வாரத்தில் அத்தனையும் பழகிவிட்டாள். கூடவே எழுத்தை இடப்பக்கம் சாய்த்தாள். அவளே எழுதியது என்று அவளாலேயே சொல்ல முடியாதபடி ஒரு கை வந்துவிட்டது.

"இன்னாண்ணா இது, யானை மாதிரி 'லை' போடச் சொல்ற? இத்த எழுதி முடிக்கறதுக்குள்ள ஆளே பழசாயிடுவேன்."

"நல்லதுதான். டீத்தூள் வேணாம்."

"போண்ணா."

அப்போது பிரபா நடத்திய கதை ஒரு ஏரியைப் பற்றியது. கற்பனை ஏரி, அடியில் ஒரு கற்பனை ஊர். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது தங்கை ஒருத்தி வெளியூரிலிருக்கும் அக்காவுக்கு எழுதுகிற கடிதம். அம்மா போய்விட்டாள், அக்கா வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் மேசையைச் சுற்றியிருக்கிற ஆறு பேரும் கண்டுபிடிக்க வேண்டியது. நான் எழுதிக்கொடுத்த வரி: 'ஆள் அனுப்பினேன் அக்கா, வழியைத் தண்ணீர் மறித்துவிட்டது.'

மெஹரு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "இத்த யாரு படிப்பா?"

"ஆறு பேர். ஒரே ஒரு நாள்."

"அப்புறம்?"

அப்புறம் பக்கெட். அது எங்கள் கூட்டத்தின் வழக்கம், நான் ஏற்படுத்தியது. கதை முடிந்ததும் எல்லாத் தாளையும் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழாகப் பிசைந்து, உருண்டை பிடித்துப் பிரபா வீட்டுப் பால்கனித் தொட்டிகளில் புதைத்துவிடுவோம். பொய்யாகப் பழசானது ஊருக்குள் உலவக் கூடாது என்பது என் பிடிவாதம். அங்கே இருக்கிற செம்பருத்தி இதுவரை மூன்று உயில், ஒரு ராஜ சாசனம் தின்றிருக்கிறது.

"நெசமா ஊறப்போட்டுடுவியா?"

"என் கையாலேயே பிசைவேன்."

அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தில் என் வரி இல்லை. அந்த இடத்தில் இப்படி இருந்தது: 'ஆள் அனுப்பினேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். நான் யாரையும் அனுப்பவில்லை அக்கா. நீ வரக் கூடாது என்று நினைத்தேன்.'

"ஏம்மா மாத்துன?"

"உன்னுது படிக்க நல்லாக்கீது. லெட்டர் மாதிரி இல்ல."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதுகிறவனுக்கு ஒரு நல்ல வரி கிடைத்தால் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விசாரிக்கத் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை ஒரு பெண் உரக்கப் படித்தாள். பகடை கையில் வைத்திருந்தவர் அதை மெல்லக் கீழே வைத்தார். பிரபா என்னைப் பார்த்து, "சார், இந்த வரி..." என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் புன்னகைத்தேன். வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் செய்தேன்.

கதையின் கடைசி நாளன்று எனக்கு ஆவடியில் ஒரு கிரகப்பிரவேசம். பக்கெட்டைப் பிரபாவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

பெட்டி

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் பிரபா என் வீட்டுக்கு வந்தான். கையில் பளபளவென்று ஒரு அட்டைப்பெட்டி. அந்த ஏரிக் கதையை யார் வீட்டிலும் விளையாடும்படி பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்திருந்தான். எனக்கு இன்ப அதிர்ச்சி தர வேண்டுமென்று அதுவரை சொல்லவில்லையாம். திறந்தேன். பகடைகள், வரைபடம். அதற்கு அடியில் கடிதம்.

மெஹரு எழுதிய கடிதம். அச்சில். அதன் நான்கு ஓரமும் எரிந்திருந்தன.

"பிரபா, இது என்ன?"

"எஃபெக்ட் சார். பாத்த உடனே பழசுன்னு தெரியணும்ல."

"ஏரில முழுகின ஊரு. தண்ணில கிடந்த கடிதம். நாலு பக்கமும் எப்படிய்யா எரியும்?"

கொஞ்சம் யோசித்தான். "விளக்குப் பக்கத்துல வெச்சுப் படிச்சிருக்கலாம்ல சார்?"

"நாலு விளக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சடிக்க வேண்டுமானால் மூலம் இருந்திருக்க வேண்டும்.

"பக்கெட்ல போடல?"

தலைகுனிந்துகொண்டு வீட்டுக்குப் போனவன், ஒரு கோப்போடு திரும்பி வந்தான். உள்ளே கடிதம். தடித்த பிளாஸ்டிக்குக்குள், அசையாமல், வேர்க்காமல். லேமினேட் செய்திருந்தான்.

"மனசு வரல சார். இத்தன அழகா இருக்கறத எப்படி ஊறப்போடறது?"

ஒரு தாளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் செய்ய முடியாது. ஊறுவதற்கென்று எழுதப்பட்டதை ஊறவே முடியாதபடி அடைத்து வைத்திருக்கிறான், அதுவும் அன்பினால். நான் கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. கேட்காமல் எப்படி அச்சடித்தாய், யாருடைய கை அது, அந்தக் கைக்கு ஒரு பெயர் இல்லையா?

"பேரு போட்டிருக்கேனே சார்" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் சின்ன எழுத்தில்: 'கடிதம்' என்று போட்டு என் பெயர்.

அன்றைய புன்னகை முகத்துக்குத் திரும்பி வந்து அறைந்த மாதிரி இருந்தது. வெட்கத்தை வெட்கமாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது, உடனே அதைக் கோபமாக மாற்றிவிடுவேன்.

"எழுதினது நான் இல்ல."

"கையெழுத்து வேற ஆளுன்னு தெரியும் சார். ஆனா..."

"எழுதினதும் அவங்கதான்."

"அந்த வரியுமா?"

"அந்த வரியும்."

பிரபா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். என்னை அவன் அப்படிப் பார்த்ததில்லை. நான் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இன்னும் உரக்கக் கத்தினேன். பெயர் வர வேண்டும். இருக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் வர வேண்டும். வாங்கியவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

சொன்னால் செய்கிற பையன். இரண்டே நாளில் சீட்டு அடித்து மீதிப் பெட்டிகளில் ஒட்டினான். வாங்கிய எல்லோருக்கும் மன்னிப்போடு கைபேசியில் செய்தி அனுப்பினான். 'இந்தக் கடிதத்தை எழுதியவர் மெஹருன்னிசா, காட்டுப்பாக்கம்.' மூலக் கடிதத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டான்.

போருக்குப் போய்க் கொடியோடு திரும்புகிறவன் மாதிரி நான் காட்டுப்பாக்கத்துக்குக் கிளம்பினேன்.

கொடியோடு போனவன்

பதினோரு மணி வெயில். கடையில் ஒரு பெண்மணி ரேஷன் கார்டு நகலுக்கு நின்றிருந்தார். இயந்திரம் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. நான் பெட்டியை மேசையில் வைத்து, ஒட்டியிருந்த சீட்டை விரலால் காட்டினேன்.

மெஹரு படித்தாள். இன்னொரு முறை படித்தாள். ரேஷன் கார்டுக்காரரிடம் நகலைக் கொடுத்து, சில்லறை கொடுத்து, அவர் படியிறங்கும்வரை காத்திருந்தாள்.

"என் பேரு போடச் சொல்லி நான் கேட்டனாண்ணா?"

"நீ எழுதினது மெஹரு. எவனோ..."

"கேட்டனா?"

"இல்ல."

"பொட்டி வந்தது எனக்கு ஒரு மாசமாத் தெரியும். எங்க அக்கா பொண்ணு நிலோ வாங்கிக்கிறா, ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தா. போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன். உன் பேருதான் இருந்துச்சு. அப்பாடான்னு ஆச்சு."

"அப்பாடான்னா?"

"எங்க அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப எனக்கும் அக்காவுக்கும் சண்டை. டாக்டரு, வரவங்களை வரச் சொல்லிடுன்னாரு. நான் சொல்லல. அம்மா போனப்பறம் அவ வந்து நின்னா. ரா முச்சூடும் போன் அடிச்சேன், லைனு கெடைக்கலன்னு எல்லார் எதிர்லயும் சொன்னேன். அவளும் நம்பிட்டா. தன் போனு சரியில்லன்னு தன்னையே திட்டிகினு கெடந்தா, வருசக்கணக்கா." தாளை அடுக்குகிற கை நிற்கவில்லை. "நான் நம்பரையே அமுக்கலண்ணா."

நான் பெட்டியை மேசையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"எங்கனா ஒரு தாள்ல எழுதிட்டா தேவலன்னு இருந்துச்சு. ஆறு பேரு, ஒரு நாளு, அப்புறம் தண்ணின்னு சொன்ன. நம்பி எழுதுனேன். பொட்டிக்காரன் அச்சடிச்சது கூட எனக்குக் கோவம் இல்ல. கை தெரியாது, பேரு இல்ல, எவளோ ஏரிக்காரி எழுதுனதுன்னு போயிருக்கும். நீ நியாயம் கேக்கப் போயி, என் பேரை எழுதி அவ ஊட்டுக்கே அனுப்பிக்கிற."

"கிழிச்சிடச் சொல்றேன். இப்பவே பிரபாவுக்கு..."

"நிலோ காலைலயே மெசேஜ் போட்டுட்டா. 'சித்தி, நீயா எழுதுன? அம்மாட்ட காட்டட்டா?'ன்னு. இன்னும் பதில் போடல."

மெஹரு இயந்திரத்தை அணைத்தாள். அவள் கையை நீட்டினாள். "ஒரிஜினல் எங்க? குடு."

கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து பிளாஸ்டிக் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். தொழில் தெரிந்த கண். "நல்லாத்தான் அடிச்சிக்கிறான். ஓரத்துல காத்தே பூரல." சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைக்குப் பின்னால் தரை துடைக்கிற நீல பக்கெட் இருந்தது. குழாயைத் திறந்து முக்கால்வாசி நிரப்பினாள். கடிதத்தை உள்ளே விட்டாள். மிதந்தது. உள்ளங்கையால் அடிவரை அழுத்தினாள், வளையல் நனைந்தது. கையை எடுத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே வந்தது. பிளாஸ்டிக்குக்கு உள்ளே, நான் டிகாஷன் தட்டைச் சாய்த்து வைத்துப் பாடுபட்டு வரவழைத்த அந்தப் பழுப்புத் தண்ணீர்க் கோடு, ஒரு சொட்டு நிஜத் தண்ணீர் படாமல்.

பெரிய கத்தரியை எடுத்து வந்தாள். மூலையில் வைத்தாள். வெட்டவில்லை. பிறகு கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டுக் கடிதத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள். நிலோவுக்கு ஏதோ பதில் போட்டாள், இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். ஷட்டரை இழுத்தாள்.

ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வரைக்கும் நானும் போனேன். வழியெல்லாம் தோண்டிப் போட்ட ரோடு. கடிதம் இருந்த பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாயைத் திறந்தேன், மூன்று முறையும் எவனோ ஹாரன் அடித்தான். அந்த ஹாரன்களின் மேலும் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

நிலையத்தில், அவள் அக்கா வீட்டுப் பக்கம் போகிற ஆவடி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடையில் சட்டி கருகிற வாசனை.

"நானும் கூட வரட்டுமா மெஹரு?"

"நீ வந்து இன்னா பண்ணப் போற? அங்கயும் ஒரு சீட்டு ஒட்டுவியா?"

படியில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"தண்ணில போவாதுண்ணா இது. அவ கைக்குத்தான் போவும் போல."